பழைய அலங்காரப் பாய்மரக் கப்பல்: முதல்முறை கை வைப்பவர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வீட்டு ஹாலில் முப்பது ஆண்டுக்கு மேலாக நிற்கும் மரக் கப்பல். நீளம் சுமார் 65 சென்டிமீட்டர், மூன்று பாய்மரம். கயிறுகள் தொட்டால் அறுகின்றன, பாய்த்துணி பழுப்பேறிக் கிழிந்துவிட்டது, நடுமரம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது, அடியில் மரத்தூள் கொட்டுகிறது. இந்த வேலையில் பழக்கமே இல்லாத ஒருவர் இதைச் சீராக்க முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். கத்தரிக்கோலை எடுத்துத் தூர வைத்துவிட்டுத் தொடங்குங்கள். புதிதாகக் கை வைப்பவர்கள் முதல் நாளே அறுந்த கயிற்றையெல்லாம் வெட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்த இற்றுப்போன நூல்தான் உங்களிடம் இருக்கும் ஒரே வரைபடம். எந்தக் கயிறு எங்கே தொடங்கி, எந்தக் கப்பி வழியாகப் போய், எங்கே கட்டப்பட்டது என்பதை அது மட்டுமே சொல்லும். கப்பலில் அழகுக்காகக் கட்டிய கயிறு என்று ஒன்றுகூட இல்லை. ஒன்று மரத்தைத் தாங்கும், இல்லையென்றால் எதையாவது இழுக்கும், தூக்கும், திருப்பும். அந்த வேலை புரிந்துவிட்டால் எங்கே கட்டுவது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் இது எந்தக் கப்பல் என்று பாருங்கள். பெயர்ப்பலகையில் கட்டி சார்க் என்று இருந்தால் அது 1869-ல் ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் நீரில் இறக்கப்பட்ட தேயிலைக் கப்பல். இன்றும் லண்டன் கிரீனிச்சில் நிற்கிறது. விக்டரி என்றால் 1765-ல் நீரில் இறங்கிய போர்க்கப்பல், போர்ட்ஸ்மத்தில் இருக்கிறது. இரண்டையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்த படங்கள் ஏராளமாகக் கிடைக்கும் என்பதால் தொலைந்த கயிற்றை அசலைப் பார்த்தே போடலாம். சாண்டா மரியா என்றால் நிலைமை வேறு. 1492-ல் கொலம்பஸ் ஓட்டிய அந்தக் கப்பலுக்கு அசல் வரைபடம் ஏதும் மிஞ்சவில்லை. உலகில் உள்ள எல்லாச் சாண்டா மரியாவும் ஊகம்தான், ஆகவே நீங்கள் பிழை செய்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. பாயில் குறுக்குச் சட்டங்கள் வரிசையாக இருந்து சீனப் படகுப் பாய் போலத் தெரிந்தால், அது திரெங்கானு மாநிலத்தின் பினாஸ் என்ற மரக்கப்பலாக இருக்கலாம். அதன் கயிற்றமைப்பு ஐரோப்பியக் கப்பலுடையது அல்ல, கீழே சொல்லும் பாய், பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குக்கட்டை) விவரங்கள் அதற்குப் பொருந்தாது. நம் தாத்தா பாட்டிகள் வந்து இறங்கிய ரஜுலாவைப் போன்ற நீராவிக் கப்பல் உருவமென்றால் கயிற்று வேலை மிகக் குறைவு, பெயின்ட்டும் உலோகமும்தான் கவலை.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. உடலில் எலும்பு அல்லது தந்தத் துண்டுகள், கையால் செதுக்கிய ஒழுங்கில்லாத கப்பிகள், செய்தவர் கையெழுத்து, பழைய பித்தளைத் தகடு இவற்றில் ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அது அலங்காரப் பொருளாக இல்லாமல் ஒரு மாலுமியின் கைவேலையாக இருக்கலாம். அதை அருங்காட்சியக வேலை தெரிந்தவரிடம் காட்டுவதற்குமுன் ஈரத்துணிகூடப் படக்கூடாது. உடல் எல்லா இடத்திலும் ஒரே அளவுப் பலகை, தலையில்லாச் சிறு ஆணிகள், பீரங்கிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, பாயில் சிலுவையோ சின்னமோ அச்சிட்டிருக்கிறது என்றால் கடைக்காகச் செய்த அலங்காரக் கப்பல்தான். தைரியமாகத் தொடரலாம்.

அடுத்து, படம். முன், பின், இருபக்கம், மேலிருந்து என்று தொடங்கி, ஒவ்வொரு பாய்மரத்தையும் நான்கு பக்கத்திலிருந்தும், கயிறு கட்டிய ஒவ்வொரு இடத்தையும் கிட்டத்திலும் எடுங்கள். நாற்பது ஐம்பது படம் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு அடிக்கோல் தெரியட்டும். பின்னால் வெள்ளைத் தாள் வைத்தால் மெல்லிய நூலும் விழும். பிறகு தாளில் பக்கவாட்டுத் தோற்றத்தைக் கோட்டுச் சித்திரமாக வரைந்து, கயிறுகளுக்கு எண் போட்டு, அதே எண்ணை ஒட்டுத்தாள் துண்டில் எழுதி கயிற்றிலேயே ஒட்டுங்கள். கழற்றும் ஒவ்வொரு சாமானும் எண் எழுதிய சிப் பைக்குள் போகட்டும். ஒரு முழு மாலை இதற்குப் போகும், போகட்டும்.

இப்போது மரத்தூள். பினாங்கில் இதைத் தள்ளிப்போடவே கூடாது, ஏனென்றால் கப்பலில் இருப்பது நாளை உங்கள் அலமாரிக்கும் போகும். தூளை ஒரு கறுப்புத் தாளில் கொட்டி விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல நைஸாக இருந்து, மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டை தெரிந்தால் அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. கசகசா போலத் தனித்தனி மணியாக உருண்டு, லென்ஸில் பார்த்தால் ஆறு பட்டை தெரிந்தால் உலர்மரக் கரையான். அது மண்ணிலிருந்து வருவதில்லை, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். தூள் பழையதா புதியதா என்று தெரிய, கப்பலைத் துடைத்து, சுத்தமான கறுப்புத் தாள்மேல் இரண்டு வாரம் ஆடாமல் வையுங்கள். புதுக் குவியல் விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது.

நச்சு மருந்தைவிடக் குளிர் நல்லது. பாய்மரங்களைக் கழற்றியபின் உடலை டிஷ்யூத் தாளில் சுற்றி, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒட்டுநாடாவால் முழுக்க அடையுங்கள். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18-ல் நிற்கும், அடிக்கடி திறப்பதால் அதுவும் ஏறி இறங்கும். ஆகவே இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பையை உடனே திறந்துவிடாதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த மரத்தில் வியர்த்து ஒட்டிக்கொள்ளும், பெயின்ட் உரியும். 24 மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். ஃப்ரீசரில் அடங்காத நீளமென்றால், பெர்மெத்ரின் கலந்த மரப் பூச்சிமருந்தை ஊசிமூலம் ஒவ்வொரு ஓட்டையிலும் செலுத்த வேண்டியதுதான். அதை வராந்தாவில், கையுறை முகமூடியோடு செய்யுங்கள்.

சுத்தம் செய்வதில் நம் வீடுகளுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. சாமி மாடம் ஹாலிலேயே இருக்கும் வீட்டில் நின்ற கப்பல்மேல் படிந்திருப்பது வெறும் தூசி அல்ல, விளக்கெண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் தூசியோடு குழைந்த கரி. அதன்மேல் ஈரத்துணி பட்டால் கரி மரத்தின் நரம்புக்குள் இறங்கிவிடும், பிறகு வராது. ஆகவே முதல் சுற்று முழுக்க உலர்ந்ததாகவே இருக்க வேண்டும். மென்மையான நீர்வண்ணத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டி, வேக்குவம் குழாயின் வாயில் கொசுவலைத் துணி கட்டி ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். உதிரும் சிறு கப்பிகள் வலையிலேயே நின்றுவிடும். கரி அதிகமென்றால், புகைக்கரி எடுக்கும் உலர்ந்த ரப்பர் ஸ்பான்ஜால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள்.

ஈரம் அதற்குப் பிறகுதான். காய்ச்சி வடித்த நீரில் பஞ்சுக்குச்சியை நனைத்து, டிஷ்யூவில் ஒற்றி, ஒரு விரற்கடை இடத்தில் உருட்டுங்கள். அழுக்கானதும் புதுக் குச்சி. நீரில் போகாத இடத்துக்கு எச்சில். முகம் சுளிக்க வேண்டாம், ஓவியப் பாதுகாப்பு நிபுணர்களே பயன்படுத்தும் முறை இது. எச்சிலில் உள்ள நொதிகள் அழுக்கை இளக்கும், வார்னிஷைக் கெடுக்காது. பிறகு வடித்த நீரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு 250 மில்லி நீரில் மணமில்லாப் பாத்திரச் சோப்பு இரண்டே சொட்டு. மேசை துடைக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், அதிலுள்ள சிலிக்கான் பிறகு எந்தப் பசையையும் பூச்சையும் ஒட்டவிடாது.

எவ்வளவு கழற்றுவது என்பது இந்த வேலையின் பெரிய முடிவு. இந்தக் கப்பலின் கயிறுகள் எல்லாமே இற்றுவிட்டதால் மூன்று பாய்மரங்களையும் கழற்றிப் புதிதாகக் கயிறு போடுவதுதான் சரி. பாதிக் கயிறு நன்றாக இருந்தால் அதை விட்டுவைத்து அறுந்ததை மட்டும் மாற்றுவது நல்லது. ஆனால் எந்த நிலையிலும் உடலின் பழைய பூச்சைச் சுரண்டி எடுக்காதீர்கள். ஆண்டுகளின் நிறம் அதில்தான் இருக்கிறது. உப்புத்தாள் போட்டுப் பளபளக்க வைத்த பழைய கப்பல் நேற்று வாங்கிய சாமான் மாதிரி ஆகிவிடும், அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

பசையைப் பிரிக்க அதன் வகை தெரிய வேண்டும். அலங்காரக் கப்பல்களில் அதிகம் இருப்பது வெள்ளைப் பசை. மூட்டின்மேல் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைக் கால்மணி நேரம் வைத்தால் அது பால்போல வெளுத்து இளகும். நீர் பயன்படாத இடத்தில் ஃபார்மசியில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தொட்டுவைத்துப் பொறுத்திருந்து மெல்ல அசையுங்கள். சூப்பர் குளூ என்றால் அசிட்டோன்தான் கரைக்கும், ஆனால் அது பெயின்ட்டையும் கரைக்கும். ஆல்கஹாலும் சில பூச்சுகளைக் கெடுக்கும். அதனால் எதையும் முதலில் கப்பலின் அடிப்பகுதியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு சொட்டுச் சோதனையே பூச்சின் பெயரையும் சொல்லிவிடும். ஆல்கஹாலில் பிசுபிசுத்தால் ஷெல்லாக், தின்னரில் மட்டும் இளகினால் லேக்கர், இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பாலியூரித்தேன் போன்றவை.

சாய்ந்த நடுமரத்துக்குக் காரணம் பெரும்பாலும் மரமாக இருக்காது. ஒருபக்கக் கயிறு இற்றுவிட, மறுபக்கக் கயிறு இழுத்துச் சாய்த்திருக்கும். கழற்றியபின் மரம் நேராக இருக்கிறதா என்று கண்ணாடி மேசைமேல் உருட்டிப் பாருங்கள். உண்மையிலேயே வளைந்திருந்தால் மாற்றுங்கள், வளைந்த குச்சியை நிமிர்த்தினாலும் அடுத்த மழைக்காலத்தில் அது பழைய வளைவுக்கே போகும். உடைந்திருந்தால் நடுவில் 1 மி.மீ. துளையிட்டு 12 மி.மீ. நீளப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டுங்கள். இரண்டு துண்டிலும் துளை நேர்கோட்டில் அமைவதுதான் சிரமம். ஒரு துண்டின் துளையில் ஊசிமுனையை வெளியே நீட்டி வைத்து மறுதுண்டை அதன்மேல் அழுத்தினால் சரியான இடத்தில் புள்ளி விழும், அங்கே துளையிடுங்கள்.

பாயைத் தாங்கும் குறுக்குக்கட்டையை நம் பழைய கடலோடிகள் பருமல் என்றார்கள். அது உடைந்திருந்தால் மாற்றுக்கு எங்கும் அலைய வேண்டாம், சாத்தே இறைச்சியைக் கோக்கும் மூங்கில் குச்சியே போதும். நேர்த்தியான நரம்பு, சுமார் 3 மி.மீ. தடிமன். மின்துளைப்பானில் குச்சியை மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு, 240 எண் உப்புத்தாளால் பிடித்து, நடுவிலிருந்து நுனிக்கு மெலிந்துபோகும்படி தேயுங்கள். ஆனால் மூங்கிலில் மாவுச்சத்து உண்டு, அதைத் தேடி வண்டு வரும். வெட்டிய குச்சிகளையும் அதே ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்துவிட்டுச் சேருங்கள். உடலில் செதுக்கிச் சேர்க்க வேண்டிய துண்டு இருந்தால் ஜெலுத்தோங் மரம் கேளுங்கள், வெண்ணெய் போலக் கத்திக்கு இசையும். பலகை வெடிப்புகளில் புட்டி அடைப்பதைவிட அதே நிற மரச் சீவலை ஆப்புபோலச் செதுக்கி ஒட்டுவது நிலைக்கும். மரம் ஈரத்துக்கு விரிந்து சுருங்கும்போது புட்டி கழன்று விழும். இந்த வேலையை ஏர்கோன் அறையில் செய்யாதீர்கள். காய்ந்த நிலையில் அகன்றிருக்கும் வெடிப்பில் சீவலை இறுக்கி அடைத்தால், மழை நாளில் மரம் விரிய இடமின்றிப் பக்கத்தில் வேறொரு வெடிப்பு விழும்.

இனிக் கயிறு. பினாங்குக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு, நகரின் நடுவிலேயே ஜாலான் பிந்தால் தாலி இருக்கிறது. கயிறு முறுக்கும் தெரு என்றுதான் அந்தப் பெயருக்கே பொருள். அலங்காரக் கப்பல்களில் பொதுவாக இருப்பது பருத்தி நூல். ஈரம் ஏறினால் பருத்தி தடித்து நீளம் குறையும், அதாவது இறுகும். ஏர்கோனில் காய்ந்தால் தளரும். வருடக்கணக்கில் இப்படி இழுபட்டுத்தான் மரங்கள் சாய்கின்றன. ஆகவே பாலியெஸ்டர் தையல் நூலே நம் ஊருக்கு ஏற்றது. பளபளக்கும் நூலைத் தவிர்த்து மங்கலானதைத் தேர்ந்தெடுங்கள்.

தடிமன் அளக்கக் கருவி வேண்டாம். அடிக்கோலில் 10 மி.மீ. நீளத்துக்கு நூலை நெருக்கமாகச் சுற்றி எண்ணுங்கள், 20 சுற்று வந்தால் 0.5 மி.மீ. இந்த அளவுக் கப்பலுக்கு முன்னிழுக்கும் கனத்த கயிறுக்கு 0.8, பக்கவாட்டுக் கயிறுகளுக்கு 0.6, மற்றவற்றுக்கு 0.3 போதும். கனமான கயிறு கிடைக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளலாம். மூன்று இழையை ஒருமுனையில் கட்டி, மறுமுனைகளைத் தனித்தனியாக, நூலில் ஏற்கெனவே இருக்கும் முறுக்கின் திசையிலேயே மேலும் முறுக்குங்கள். பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் விட்டால் தானாகப் பின்னிக்கொள்ளும். திசை மாறினால் கயிறு பிரிந்து பூவாகிவிடும். நீளம் ஏறக்குறைய மூன்றில் ஒருபங்கு குறையும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம்: மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசியவை, அவை அடர்பழுப்பு அல்லது கறுப்பு. இழுக்கும் ஓடுகயிறுகள் வெளிர் பழுப்பு. எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் கட்டிய கப்பல் தூரத்திலிருந்தே தட்டையாகத் தெரியும்.

கட்டும் வரிசையைக் கப்பலே சொல்லும். கீழிருந்து மேலே, நடுவிலிருந்து வெளியே, முதலில் தாங்குவது, பிறகு இழுப்பது. மூன்று மரங்களையும் பழைய துளையில் ஒட்டாமல் நிறுத்தி, முன்னாலிருந்து ஒற்றைக்கண்ணால் பாருங்கள், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மறைய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் பல கப்பல்களில் பின்மரம் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அது பழுது அல்ல, நிமிர்த்திவிடாதீர்கள். முதல் நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுவிட்டு ஒட்டுங்கள்.

பக்கவாட்டுக் கயிறுகளை ஷ்ரவுட் என்பார்கள். மரம் இடவலமாகச் சாயாமல் பிடிப்பது இவற்றின் வேலை. இரண்டு இரண்டாகக் கட்ட வேண்டும். ஒரே நூலை மடித்து மர உச்சியில் மாட்டினால் இரண்டு கால்களும் ஒரே பக்கம் இறங்கும். வலப்பக்கம் ஒரு ஜோடி, உடனே இடப்பக்கம் ஒரு ஜோடி, மறுபடி வலம் என்று மாறி மாறிப் போங்கள். ஒருபக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் முதல் பக்கம் வளைந்துவிடும், அதை நேராக்க இழுக்க இழுக்க இரண்டு பக்கமும் முறுக்கேறும். கயிற்றின் அடியில் மூன்று துளையுள்ள வட்டக் கட்டைகள் மேலும் கீழுமாக இருக்கும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி இரு நுனிகளையும் 12 மி.மீ. இடைவெளியில் மடக்கி, மேல்கட்டையிலும் கீழ்க்கட்டையிலும் ஒவ்வொரு துளையில் மாட்டிவிட்டுக் கட்டினால் எல்லாக் கட்டைகளும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கிய கட்டை வரிசைதான் அவசர வேலையைக் காட்டிக்கொடுப்பது. பிறகு மரத்தை முன்னோக்கி இழுக்கும் ஸ்டே கயிறு. கயிறு நேராக நின்றால் போதும், வீணைக் கம்பி போல ஒலிக்க வேண்டியதில்லை.

முடிச்சுகளை இறுக்க சூப்பர் குளூ விடாதீர்கள். நூல் கண்ணாடி போல விறைத்துப் பின்னாளில் அந்த இடத்தில் ஒடியும், சுற்றி வெள்ளையாகவும் பூக்கும். வெள்ளைப் பசையும் நீரும் சரிபாதி கலந்து ஊசிமுனையால் ஒரு சொட்டு வைத்தால் காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது, தேவைப்பட்டால் நனைத்துப் பிரிக்கவும் முடியும். சூப்பர் குளூவுக்கு ஒரே இடம் உண்டு. நூல்நுனியை அதில் தோய்த்துக் காயவைத்துச் சரிவாக வெட்டினால் நுனி ஊசிபோலக் கப்பித்துளையில் நுழையும். வேலை முடிந்ததும் அந்த நுனியை வெட்டி எறிந்துவிடலாம்.

ஷ்ரவுட்கள்மேல் மாலுமிகள் ஏறும் குறுக்குக் கயிற்றுப்படிகள்தான் பொறுமையைக் கேட்கும் இடம். ஒரு பக்கத்தில் 5 கயிறு, 20 படி என்றால் 100 முடிச்சு. மூன்று மரம், இருபக்கம், ஆக 600. முடிச்சு எல்லாமே ஒரே வகை. நூலைக் கயிற்றின்மேல் ஒரு சுற்று சுற்றி, குறுக்கே தாண்டி இன்னொரு சுற்று சுற்றி, நுனியை அந்தக் குறுக்கு நூலின் அடியில் விட்டு இழுக்க வேண்டும். கடையில் மூட்டை கட்டுபவர்கள் கம்பில் போடும் அதே கட்டு. அட்டை ஒன்றில் 5 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டு ஷ்ரவுட்களுக்குப் பின்னால் செருகிவைத்தால் கோட்டைப் பார்த்தே கட்டிக்கொண்டு போகலாம். அசல் கப்பலில் இந்த இடைவெளி 35 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும், காலெடுத்து வைக்கும் அளவு. உங்கள் கப்பலின் பழைய இடைவெளி வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இங்கே எல்லாருக்கும் நேரும் கோளாறு, வெளிக்கயிறுகள் உள்ளே இழுபட்டு முழு ஏணியும் உடுக்கை போல இடுப்புச் சிறுத்துப்போவது. ஒவ்வொரு முடிச்சும் அரை மில்லிமீட்டர் இழுத்தாலே 20 படியில் அது தெரிந்துவிடும். தடுக்க, முதலில் அகலத்துக்கு ஏற்ற சாத்தே குச்சித் துண்டு ஒன்றை நடுவில் குறுக்கே கட்டிவிடுங்கள். பிறகு ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது படிகளை மட்டும் போட்டு, இடைப்பட்டவற்றைப் பின்னால் நிரப்புங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்குமேல் வேண்டாம். கண் சோர்ந்ததும் கை இறுக்க ஆரம்பிக்கும்.

பருமல்களையும் அவற்றின் ஓடுகயிறுகளையும் விரைவாகவே முடிக்கலாம். ஒரு பருமலுக்கு அடிப்படையில் மூன்று வேலை: நடுவில் தூக்கிப் பிடிக்க ஒரு கயிறு, இரு நுனிகளைச் சமமாகத் தாங்க இரண்டு, இடவலமாகத் திருப்ப நுனிக்கொன்றாக இரண்டு. இதற்கு மேல் இருக்கும் கயிறுகள் பாயுடையவை. எது எந்த வேலைக்கு என்று தெரிந்தால் உங்கள் பழைய படத்தில் தெளிவில்லாத கயிறும் எங்கே போக வேண்டும் என்று தானே புரியும்.

பாய்க்குத் துணி தேடுபவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் நல்ல விடை இருக்கிறது. 80 அல்லது 100 எண் நூல் வேட்டி. இந்த அளவுக் கப்பலில் சாதாரணச் சட்டைத்துணி கோணிச்சாக்கு மாதிரி தெரியும், நைஸ் வேட்டித்துணிதான் அளவுக்குப் பொருந்தும். கஞ்சி முழுக்கப் போகும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். இது முக்கியம். பாய் விறைப்பாக நிற்கப் பழைய கப்பல்களில் கஞ்சிதான் போட்டிருப்பார்கள், ராமபாணப் பூச்சியும் கரப்பானும் அதைத் தின்னத்தான் துணியையும் சேர்த்து அரிக்கின்றன. உங்கள் பழைய பாயின் ஓரங்கள் சீரில்லாமல் சுரண்டியதுபோல இருந்தால் காரணம் இதுதான். கஞ்சிக்குப் பதில் வெள்ளைப் பசை ஒருபங்கு, நீர் ஐந்துபங்கு.

பழுப்பு நிறத்துக்குத் தேத்தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். வேண்டாம். தேயிலையின் அமிலம் பருத்தியை மெல்ல அரித்து, சில வருடத்தில் பாயை அப்பளம் போல நொறுக்கும். 200 மில்லி நீரில் பழுப்பு அக்ரிலிக் பெயின்ட் மூன்று சொட்டு கலந்து முக்கி, கொடியில் தொங்கவிடாமல் பிளாஸ்டிக் விரிப்பில் தட்டையாகக் காயவையுங்கள், தொங்கினால் நிறம் கீழே வடிந்து கோடு விழும். ஓரத்தை 3 மி.மீ. மடித்துப் பசையால் ஒட்டுங்கள், தையல் இந்த அளவில் முரடாகத் தெரியும். அசல் பாய் சுமார் 60 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது. உங்கள் கப்பலின் அளவுவிகிதம் 1:100 என்றால் 6 மி.மீ.க்கு ஒரு மெல்லிய பென்சில் கோடு நெட்டாகப் போடுங்கள். கோடு விழுந்ததும் துணி பாயாக மாறிவிடும்.

காற்றில் உப்பிய வடிவத்துக்கு, கவிழ்த்த சோற்றுப் பாத்திரத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, பசைநீரில் நனைத்த பாயை அதன்மேல் பரப்பிக் காயவிடுங்கள். உப்பல் லேசாக இருந்தால்தான் அழகு. கட்டும்போது காற்றை நினைவில் வையுங்கள். பாய் முன்னோக்கி உப்பியிருந்தால் காற்று பின்னாலிருந்து வருகிறது, ஆகவே கொடியும் முன்னோக்கித்தான் பறக்க வேண்டும். கார்க் கொடிபோலப் பின்னால் பறக்கும் கொடியோடு எத்தனையோ அலங்காரக் கப்பல்கள் விற்கப்பட்டிருக்கின்றன, இந்தச் சமயத்தில் அதையும் திருத்திவிடலாம். பாய் வேலை பயமாக இருந்தால் பாயே இல்லாமல் பருமல்களோடு விடுங்கள், துறைமுகத்தில் நிற்கும் கப்பல் அப்படித்தான் இருக்கும்.

பீரங்கி, நங்கூரம் போன்ற உலோகச் சாமான்களில் வெள்ளை மாவு பூத்திருந்தால் கவனம். அது ஈயமாக இருக்கக்கூடும். மூடிய பெட்டிக்குள் மரத்திலிருந்து வெளிவரும் அமில ஆவி ஈயத்தை அரித்து இப்படி ஆக்கும். மாவு நஞ்சு. ஊதாதீர்கள், உலர்வாகத் தேய்க்காதீர்கள், கையுறையோடு ஈரப்பஞ்சால் துடைத்துப் பஞ்சைப் பையில் கட்டி எறியுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தச் சாமானையே மாற்றிவிடுவது மேல். பித்தளைக்குக் குத்துவிளக்கு துலக்கும் பாலிஷ் வேண்டாம், இடுக்கில் சிக்கிய வெள்ளைப்பொடி வெளியே வராது. கடலோரக் காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தில் கறுப்புக் கறை இறக்கும், கழன்றதற்குப் பதில் பித்தளை ஆணி போடுங்கள்.

கடைசிப் பூச்சு மெல்லிய மங்கல் ஷெல்லாக் ஒரு கை, அதுவும் பூச்சு போன இடத்தில் மட்டும். மழை பெய்யும் நாளில் பூசினால் காற்றின் ஈரம் சிக்கி வெள்ளையாகப் படரும். வெயில் காலையில் பூசி மாலைக்குள் காயவிடுங்கள்.

இவ்வளவும் செய்த கப்பலைத் திறந்து வைத்தால் இரண்டு வருடத்தில் மறுபடி கரி படியும். 3 மி.மீ. அக்ரிலிக் பெட்டி செய்யச் சொல்லுங்கள், கப்பலின் எல்லாப் பக்கத்திலும் 3 சென்டிமீட்டர் இடம் விட்டு. அடித்தளத்துக்கு அழுத்திய மரத்தூள் பலகை வைக்கவே கூடாது, ஈயத்தை அரிக்கும் ஆவி அதிலிருந்துதான் அதிகம் வரும். ஓரம் ஒட்டும் சிலிக்கானில் வினிகர் வாடை அடித்தால் அதையும் திருப்பிக் கொடுங்கள், வாடையில்லாத நடுநிலை வகை கேளுங்கள். பின்பக்கம் கீழே இரண்டு, மேலே இரண்டு விரல்நுனி அளவு துளை, உள்ளிருந்து நுண்வலை ஒட்டி. நம் ஈரத்தில் முழுக்க அடைத்த பெட்டிக்குள் பூசணம் பிடிக்கும். துளை இருப்பதால் சிலிக்கா ஜெல் பை போட்டுப் பயனில்லை.

நேர்வெயில் விழும் சன்னல், ஏர்கோன் காற்று நேராக அடிக்கும் சுவர், சாமி மாடத்துக்கு எதிர்ப்பக்கம், இந்த மூன்றையும் தவிர்த்து எங்கே வைத்தாலும் சரி. வைக்கும்போது அடியில் ஒரு கறுப்புத் தாளையும் விரித்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்து அதில் தூள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.